அவளால் மறுக்க முடிகிறதா? ஆங்கில நாவல், நாடகக் காதல்களைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு

ஆங்கில இலக்கியத்தில் காதலையும் பெண்களையும் பற்றிப் படிக்க வேண்டும், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களின் கையில் பெரும்பாலும் ஏற்கெனவே ஓர் இலக்கிய வரலாற்றுப் புத்தகம் இருக்கும். சாசரில் ஆரம்பித்து நூற்றாண்டு நூற்றாண்டாக வரும். அதை இப்போதைக்கு மூடி வைத்துவிடுங்கள். ஒரே ஒரு கேள்வியோடு உள்ளே போங்கள்: இந்தப் பெண்ணால் 'மாட்டேன்' என்று சொல்ல முடிகிறதா? சொன்னால் நாளை அவள் கதி என்ன?

இந்தக் கேள்வியை நான் ஜேன் ஆஸ்டினிடமிருந்துதான் எடுத்துக்கொண்டேன். 'நார்த்தாங்கர் அபே' நாவலில் ஹென்றி டில்னி நடனத்தைத் திருமணத்தோடு ஒப்பிட்டு விளையாட்டாகப் பேசுவான். இரண்டிலும் தேர்ந்தெடுப்பது ஆணின் கையில், பெண்ணுக்கு இருப்பது மறுக்கும் அதிகாரம் மட்டும் என்பான். விளையாட்டுப் பேச்சுதான், ஆனால் பல நூற்றாண்டு ஆங்கிலக் காதல் கதைகள் அந்த வாக்கியத்துக்குள் அடங்கிவிடும். அவன் கேட்பதற்கும் மாதா கோயில் மணி அடிப்பதற்கும் நடுவே உள்ள கொஞ்ச நாள்தான் அவள் பதிலுக்காக எல்லோரும் காத்திருக்கும் காலம். மணி அடித்த பிறகு சட்டம் அவளைக் கணவனோடு ஒரே ஆளாக எண்ணிவிடும். எழுத்தாளர்கள் ஏன் அந்தக் கொஞ்ச நாளையே சுற்றிச் சுற்றி வந்தார்கள் என்பது இதை மனதில் வைத்துப் படித்தால் புரியும்.

முதலில் ஒரே ஒரு அத்தியாயம்

ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' (1813) நாவலின் 19ஆம் அத்தியாயத்தை மட்டும் எடுங்கள். ப்ராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. லிப்ரிவாக்ஸில் ஒலிவடிவமும் உண்டு. பழைய ஆங்கிலம் கண்ணுக்குப் பிடிபடாதவர்கள் காதில் கேட்டுக்கொண்டே கண்ணால் வரியைத் தொடர்ந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

படிக்கும் முன் ஒரு துண்டுச்சீட்டில் கணக்கு எழுதிக்கொள்ளுங்கள். எலிசபெத்தின் அப்பா பென்னட்டுக்கு ஆண்டு வருமானம் 2000 பவுண்ட். ஐந்து பெண்கள், ஆண் வாரிசு இல்லை. நிலம் 'என்டெயில்' ஏற்பாட்டில் கட்டுண்டிருக்கிறது. அதாவது ஆண் வழி வாரிசுக்குத்தான் போகும், பெண்களுக்கு எழுதிவைக்க அப்பாவாலேயே முடியாது. அவர் கண்ணை மூடினால் வீடும் நிலமும் தூரத்து உறவினரான பாதிரியார் காலின்ஸுக்கு. எலிசபெத்துக்கு என்று வரக்கூடியது, அதுவும் அம்மாவின் காலத்துக்குப் பிறகு, 1000 பவுண்ட். வட்டி 4 சதவீதம். ஆண்டுக்கு 40 பவுண்ட். டார்சி என்ற பணக்காரனின் வருமானம் ஆண்டுக்கு 10,000. இதையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

இப்போது படியுங்கள். காலின்ஸ் பெண் கேட்கிறார். காரணங்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுக்குகிறார். பாதிரியார் ஊருக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டும், தன் மகிழ்ச்சி கூடும், தன் புரவலரான சீமாட்டி லேடி கேத்தரின் கல்யாணம் செய்துகொள்ளச் சொன்னார். எலிசபெத் மறுக்கிறாள். அவர் நம்பவில்லை. பெண்கள் முதல் தடவை மறுப்பது வழக்கம்தானே, இரண்டாவது மூன்றாவது தடவைகூட மறுப்பார்களே என்கிறார். அவள் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். அவர் காதில் அது நாணமாகவே விழுகிறது. கடைசியில் அந்த 1000 பவுண்ட் கணக்கை அவரே எடுத்துச் சொல்லி, உனக்கு வேறு வரன் வரும் என்பது நிச்சயமில்லை என்று முடிக்கிறார். என்னைப் பகுத்தறிவுள்ள ஒரு மனுஷியாக எண்ணிப் பேசுங்கள் என்று அவள் கெஞ்சாத குறையாகக் கேட்கிறாள்.

முதல் வாசிப்பில் சிரிப்பு வரும், வர வேண்டும். துண்டுச்சீட்டைப் பார்த்துவிட்டு இன்னொரு முறை படித்தால் சிரிப்புக்கு அடியில் ஒரு பயம் தெரியும். அந்த ஆள் சொல்லும் கணக்கு சரியான கணக்கு. அவள் மறுப்பது ஒரு வீட்டை, தங்கைகளுக்கும் அம்மாவுக்குமான நிழலை. அதைத் தெரிந்தேதான் மறுக்கிறாள்.

அடுத்து 22ஆம் அத்தியாயம். பலர் இதை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. மூன்றே நாளுக்குள் காலின்ஸ் எலிசபெத்தின் தோழி ஷார்லட்டைக் கேட்கிறார். அவள் ஒப்புக்கொள்கிறாள். ஷார்லட்டுக்கு வயது 27. அழகி என்று பெயர் எடுத்தவள் இல்லை, சொத்தும் இல்லை. எலிசபெத் அதிர்ந்துபோகிறாள். ஆனால் ஆஸ்டின் ஷார்லட்டுக்கு நிதானமான, நேர்மையான ஒரு குரல் கொடுக்கிறார்: நான் கற்பனையில் மிதப்பவள் இல்லை, எனக்கு வேண்டியது ஒரு வசதியான வீடு. எலிசபெத்தின் 'மாட்டேன்' எவ்வளவு விலையுள்ளது என்று தெரிவது ஷார்லட்டின் 'சரி'யை அருகில் வைத்தால்தான். ஷார்லட்டைக் கோழை என்று அவசரப்பட்டு எழுதும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். 27 வயதில், தம்பிகள் தயவில் காலம் தள்ள வேண்டிய ஒரு பெண்ணின் இடத்தில் ஒரு மாலை நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மூன்றாவதாக 34ஆம் அத்தியாயம், டார்சியின் முதல் கேள்வி. இங்கே கேட்பவனுக்கு உண்மையிலேயே காதல் இருக்கிறது. இருந்தும் அவள் குடும்பத்தின் தாழ்வை விலாவாரியாகப் பேசிவிட்டு, பதில் சாதகமாகத்தான் வரும் என்ற முகத்தோடு நிற்கிறான். காலின்ஸும் டார்சியும் இரு துருவங்கள் என்று நினைத்திருப்போம். இந்த ஒரு விஷயத்தில் இருவரும் அண்ணன் தம்பி: அவள் மறுக்கக்கூடும் என்பது இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. இது பிடிபட்ட பிறகு நாவலை முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். அப்போது அது வேறு புத்தகமாக இருக்கும்.

சட்டம், கொஞ்சம் மட்டும்

இதில் மூழ்க வேண்டாம், நான்கு விஷயம் தெரிந்தால் போதும்.

திருமணமான பெண்ணின் சட்ட நிலைக்குக் 'கவர்ச்சர்' என்று பெயர். அவளுடைய ரொக்கமும் நகையும் பொருளும் கணவனுக்குச் சொந்தம். அவள் உழைத்துச் சம்பாதித்ததும் அப்படியே. இங்கிலாந்தில் 1870ஆம் ஆண்டுச் சட்டம் சம்பாத்தியத்தை அவளிடம் விட்டது, 1882ஆம் ஆண்டுச் சட்டம் சொத்து முழுவதையும் அவள் பேரிலேயே வைத்துக்கொள்ள விட்டது. பணக்காரக் குடும்பங்கள் திருமணத்துக்கு முன்பே 'செட்டில்மென்ட்' எழுதி மகளின் பணத்தில் ஒரு பகுதியைக் காப்பாற்றிக்கொண்டன. நாவல்களில் வக்கீல்கள் வந்து போவது இதற்காகத்தான். 1753ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்துக்குப் பிறகு மாதா கோயிலில் முன்கூட்டி அறிவித்தோ உரிமம் வாங்கியோதான் மணமுடிக்கலாம். 21 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் மறுப்பு கல்யாணத்தை நிறுத்திவிடும். ஸ்காட்லாந்துக்கு இந்தச் சட்டம் கிடையாது, அதனால்தான் ஓடிப்போகும் ஜோடிகள் எல்லாம் எல்லை தாண்டியதும் வரும் கிரெட்னா கிரீனுக்கு வண்டி பிடிக்கிறார்கள். விவாகரத்து 1857 வரை நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் போட்டு வாங்க வேண்டிய ஒன்று, பெரும்பாலும் மிகச் சில பணக்கார ஆண்களுக்கே எட்டியது.

எந்த நாவலை எடுத்தாலும், எந்த நாடகத்தை எடுத்தாலும், கதை நடக்கும் ஆண்டு இந்த ஆண்டுகளுக்கு முன்னா பின்னா என்று பாருங்கள்.

ஏமாற்றும் சொற்கள்

புதிதாகப் படிப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இது. தெரிந்த சொல்தானே என்று நினைத்துத் தாண்டிவிடுவோம், அர்த்தம் வேறாக இருக்கும்.

ஆஸ்டினின் 'எம்மா' (1815) நாவலில் குதிரை வண்டிக்குள் எல்டன் என்ற பாதிரியார் எம்மாவிடம் ஆவேசமாக 'மேக்கிங் லவ்' செய்கிறார் என்று வரும். பயந்துவிடாதீர்கள். அந்தக் காலத்தில் அதன் பொருள் காதல் வசனம் பேசுவது, அவ்வளவுதான். 'லவ்வர்' என்றால் பெரும்பாலும் மணம் கேட்டு வருபவன். 'மிஸ் பென்னட்' என்று வந்தால் மூத்த மகள் ஜேன் மட்டுமே. இளையவர்களுக்கு 'மிஸ் எலிசபெத்', 'மிஸ் மேரி' என்று பெயர் சேர்த்துச் சொல்ல வேண்டும். இது தெரியாமல் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று குழம்பியவர்கள் ஏராளம்.

நடத்தைக்கும் இப்படி ஓர் இலக்கணம் உண்டு. நடன விருந்தில் ஒருவனை மறுத்தால் அன்று வேறு யாரோடும் ஆட முடியாது. நெதர்ஃபீல்ட் நடனத்தில் காலின்ஸிடம் மாட்டிக்கொண்ட எலிசபெத்தின் தவிப்பு இதுதான். நிச்சயமாகாத ஆணும் பெண்ணும் கடிதம் எழுதிக்கொள்ளக் கூடாது. 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யில் (1811) மரியான் வில்லோபிக்குக் கடிதம் எழுதுவதைப் பார்த்ததும், இருவருக்கும் ரகசியமாக நிச்சயம் ஆகிவிட்டது போலிருக்கிறது என்று அக்கா எலினார் முடிவுகட்டிவிடுகிறாள். ஆகவில்லை என்று தெரியும்போது விழும் அடி அந்த விதி தெரிந்தவர்களுக்குத்தான் முழுதாக வலிக்கும். 2000இல் வந்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படம் இந்த நாவலின் தமிழ் வடிவம் என்பதால், கதை உங்களில் பலருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். அதனால் ஆஸ்டினின் இரண்டாவது நாவலாக இதை எடுப்பது சுலபம்.

இப்போது மேடைக்கு வாருங்கள்

நாடகத்தைத் தொடும் முன் ஒரு கேள்வி: அந்தப் பெண் பாத்திரத்தில் நடித்தது யார்? ஷேக்ஸ்பியர் காலத்து லண்டன் தொழில்முறை மேடைகளில் பெண்கள் நடிக்கவில்லை. ஜூலியட், டெஸ்டிமோனா, ரோசலிண்ட் எல்லோரும் பயிற்சி பெற்ற பையன்கள். நம் நாடக சபாக்களின் 'ஸ்திரீபார்ட்' மரபைக் கேள்விப்பட்டவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. 'ஆஸ் யூ லைக் இட்'டை 'விரும்பிய விதமே' என்று தமிழாக்கிய பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபையிலும் ஆண்களே பெண் வேடம் கட்டினார்கள். அந்த நாடகத்தில் ரோசலிண்ட் ஆண் வேடம் போட்டுக் காட்டுக்குப் போகிறாள். அங்கே காதலனைச் சந்தித்து, 'என்னை ரோசலிண்ட் என்று நினைத்துக் காதல் பேசிப் பழகு' என்கிறாள். ஆக மேடையில் நிற்பது, பெண்ணாக நடிக்கும் பையன் ஆணாக நடித்து மறுபடி பெண்ணாக நடிப்பது. காதலில் எது இயல்பு, எது ஒப்பனை என்று ஷேக்ஸ்பியர் கேட்பது இந்த மூன்று அடுக்கிலும் ஒலிக்கிறது.

ஆனால் முதல் நாடகமாக நான் சொல்வது 'மச் அடோ அபவுட் நத்திங்'. அதிலும் நான்காம் அங்கத்தின் முதல் காட்சி. சூழ்நிலை இதுதான்: ஹீரோ என்பது இங்கே ஒரு பெண்ணின் பெயர். அவளை மணமேடையிலேயே நடத்தை கெட்டவள் என்று பொய்க் குற்றம் சாட்டிக் கைவிட்டுப் போகிறான் கிளாடியோ. பெற்ற அப்பாவே மகள் செத்தால் தேவலை என்கிறார். எல்லோரும் போன பிறகு, ஹீரோவின் ஒன்றுவிட்ட சகோதரி பியாட்ரிஸும் பெனடிக்கும் மட்டும் கோயிலில் நிற்கிறார்கள். அதுவரை வாய்ச்சண்டை போட்டே வந்தவர்கள்.

இந்த இடத்தில் தமிழ் வாசகர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. இன்றைய ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே 'யூ'. ஷேக்ஸ்பியர் ஆங்கிலத்தில் 'தவ்' என்பது நீ, 'யூ' என்பது நீங்கள். ஒரு பென்சிலை எடுத்து இருவர் பேச்சிலும் 'நீ', 'நீங்கள்' எது வருகிறது என்று குறியுங்கள். பெனடிக் காதலைச் சொன்னதும் 'நீ'க்குத் தாவுகிறான், நடுவே 'நீங்கள்' என்று தடுமாறி மறுபடி 'நீ'. பியாட்ரிஸ் காதலை ஒப்புக்கொள்ளும் வரியில்கூட 'நீங்கள்'தான். இன்றைக்கு நடந்ததற்குப் பிறகு அவளால் நெருங்கிவிட முடியவில்லை. 'உனக்காக என்ன வேண்டுமானாலும் செய்யச் சொல்' என்கிறான். அவள் இரண்டே சொல்லில் பதில் சொல்கிறாள்: கிளாடியோவைக் கொல்.

அவன் மறுக்கிறான். அவள் போகக் கிளம்புகிறாள். அப்புறம் வரும் அவள் பேச்சைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள். நான் மட்டும் ஆணாக இருந்தால் என்று மீண்டும் மீண்டும் வரும், சந்தைவெளியில் அவன் இதயத்தைத் தின்பேன் என்னும் அளவுக்குப் போகும். இது காதல் காட்சிதான். ஒரு பெண்ணின் மானம் ஆண்களின் வாயில் சிக்கிச் சீரழிந்த அதே இடத்தில், இன்னொரு பெண் தன்னைக் காதலிப்பவனிடம் கேட்கிறாள்: நீ யார் பக்கம்? பெனடிக் கடைசியில் அவள் பக்கம் வருகிறான். பூவும் நிலவும் இல்லாத இந்தக் காட்சியை நான் ஷேக்ஸ்பியரின் ஆகச் சிறந்த காதல் காட்சியாகவே நினைக்கிறேன்.

'தி டேமிங் ஆஃப் த ஷ்ரூ' நாடகத்தைப் பற்றிக் கட்டாயம் கேள்வி வரும். அடங்காதவள் என்று பெயரெடுத்த பெண்ணைப் பட்டினி போட்டும் தூங்கவிடாமலும் 'பழக்கும்' கதை. அதற்குச் சப்பைக்கட்டு தேட வேண்டாம், உங்களுக்கு வரும் கோபம் நியாயமானதே. அதைப் படித்த கையோடு ஜான் ஃப்ளெட்சரின் 'தி வுமன்ஸ் பிரைஸ்' பக்கம் போங்கள். ஷேக்ஸ்பியர் உயிரோடு இருந்த காலத்திலேயே எழுதப்பட்ட பதில் நாடகம். அந்த 'அடங்காத' கேத்தரின் இறந்த பிறகு, அவளைப் 'பழக்கிய' கணவன் பெட்ரூச்சியோ மரியாவை மணக்கிறான். இந்தத் தடவை அவள் கதவைப் பூட்டிக்கொண்டு அவனைப் பழக்குகிறாள்.

நடிகைகள் வந்த பிறகு

1642இல் மூடிய நாடக அரங்குகள் 1660இல் திறந்தன. அந்த ஆண்டு டிசம்பரில் லண்டன் தொழில்முறை மேடையில் ஒரு பெண் டெஸ்டிமோனாவாக நடித்தார். 1677இல் அஃப்ரா பென் என்ற பெண் எழுதிய 'தி ரோவர்' மேடையேறியது. எழுதியே பிழைத்த முதல் ஆங்கிலப் பெண்களில் ஒருவர் அவர். அதில் ஹெலினா என்ற பெண்ணை மடத்துக்கு அனுப்ப அண்ணன் முடிவுசெய்கிறான். அவளோ திருவிழாக் கூட்டத்தில் முகமூடி போட்டுத் தன் ஆளைத் தானே தேடப் போகிறாள்.

உங்கள் நேரத்தைச் செலவிட வேண்டியது வில்லியம் கான்கிரீவின் 'தி வே ஆஃப் த வேர்ல்ட்' (1700) மேல். எச்சரிக்கை: கதைச் சிக்கல் தலை சுற்ற வைக்கும், யார் யாருக்கு என்ன உறவு என்று ஒரு படம் வரைந்தால் தவிர விளங்காது. அதனால் முதலில் நான்காம் அங்கத்தின் நிபந்தனைக் காட்சியை மட்டும் எடுங்கள். மிலமன்ட் மிராபெல்லைக் காதலிக்கிறாள். அவளுடைய சொத்தில் பாதி அத்தையின் சம்மதத்தில் தொங்குகிறது. அவள் 'சரி' சொல்லும் முன் நிபந்தனைகளைப் பட்டியல் போடுகிறாள். காலையில் எவ்வளவு நேரம் வேண்டுமோ படுத்திருப்பேன். கல்யாணத்துக்குப் பிறகு கண்ணே மணியே என்று கூப்பிடக் கூடாது. யாருக்குக் கடிதம் எழுதுகிறேன் என்று கேட்கக் கூடாது. உங்கள் நண்பர் என்பதற்காகப் பிடிக்காதவர்களோடு நான் பேச வேண்டியதில்லை. என் தேநீர் மேசைக்கு நானே ராணி. நான் எந்த அறையில் இருந்தாலும் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். இதற்கெல்லாம் சம்மதித்தால், மெல்ல மெல்லச் சுருங்கி ஒரு மனைவி ஆகிவிடுவேனோ என்னவோ.

'சுருங்கி' என்ற அந்தச் சொல்லில் நில்லுங்கள். மனைவி ஆவது ஒரு பெண்ணுக்கு உயர்வு என்று உலகமே சொன்ன காலத்தில் அவள் அதைச் சுருங்குவது என்கிறாள். சட்டம் கொடுக்காததை ஒவ்வொன்றாக வாய்மொழி ஒப்பந்தத்தில் வாங்கப் பார்க்கிறாள். கதவைத் தட்டு என்பது சின்ன வேண்டுகோள் போலத் தெரியும், அது தனக்கென்று ஓர் அறை கேட்பது. முடிந்தால் இந்தக் காட்சியை இரண்டு பேர் சேர்ந்து, பாத்திரத்துக்கு ஒருவராக வாசியுங்கள். தனியாக மனதுக்குள் படித்தால் வசனத்தின் வேகம் தப்பிப்போகும்.

இதன் பிறகு கோல்ட்ஸ்மித்தின் 'ஷீ ஸ்டூப்ஸ் டு காங்கர்' (1773), ஷெரிடனின் 'தி ரைவல்ஸ்' (1775) இரண்டும் சுலபமாக ஓடும். முன்னதில் தன் தகுதிப் பெண்கள் முன்னால் வாய் திறக்கவே நடுங்கும் மார்லோ, பணிப்பெண்களிடம் மட்டும் துணிச்சலாகப் பழகுகிறான். அவனுக்குப் பார்த்த பெண்ணான கேட், பணிப்பெண்ணாக வேடமிட்டு அவனைப் பரிசோதிக்கிறாள். சிரித்துக்கொண்டே படிக்கலாம், ஆனால் அந்தத் துணிச்சல் எந்தப் பெண்களிடம் மட்டும் வருகிறது என்பதைக் கவனியுங்கள்.

ஜேன் ஐர்: இரண்டு மறுப்புகள்

விக்டோரியா காலத்துக்கு ஒரே ஒரு நாவல் என்றால் சார்லட் பிராண்டி 1847இல் கர்ரர் பெல் என்ற புனைபெயரில் வெளியிட்ட 'ஜேன் ஐர்'. இதை முழுதாகப் படிக்க வேண்டும், குறுக்குவழி இல்லை. தாய் தந்தை இல்லாத ஜேன், ராச்செஸ்டர் வீட்டில் ஆண்டுக்கு 30 பவுண்ட் சம்பளத்தில் குழந்தைக்குப் பாடம் சொல்பவள். இருவருக்கும் காதல். மணநாளன்று கோயிலிலேயே அவருக்கு ஏற்கெனவே உயிரோடு மனைவி இருப்பது தெரியவருகிறது. திருமணம் இல்லாவிட்டாலும் என்னோடு வந்துவிடு என்கிறார். 27ஆம் அத்தியாயம் முழுக்க இந்தப் போராட்டம். அவளுக்குக் காதல் குறையவில்லை, போக இடமும் இல்லை, உன்னைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள் என்ற கேள்வி அவள் மனதிலேயே எழுகிறது. நான் கவலைப்படுகிறேன் என்று தனக்குத்தானே பதில் சொல்லிவிட்டு விடிவதற்குள் கிளம்பிவிடுகிறாள்.

இதை எல்லோரும் பேசுவார்கள். இரண்டாவது மறுப்பைப் பேசுபவர்கள் குறைவு. செயின்ட் ஜான் ரிவர்ஸ் நல்லவர், ஒழுக்கமானவர், பாதிரியார். மதப்பணிக்காக இந்தியா போகிறார். ஜேனை இந்துஸ்தானி மொழி படிக்க வைக்கிறார். மனைவியாக வா, நீ உழைப்புக்காகப் படைக்கப்பட்டவள் என்கிறார் 34ஆம் அத்தியாயத்தில். வருகிறேன், தங்கையாக வருகிறேன், மனைவியாக மாட்டேன் என்கிறாள் ஜேன். ஒருவர் திருமணமில்லாமல் காதலைக் கொடுக்கிறார், இன்னொருவர் காதலில்லாமல் திருமணத்தைக் கொடுக்கிறார். இரண்டாவதுக்குக் கடவுளின் பெயரும் சேர்ந்திருப்பதால் மறுப்பது இன்னும் கடினம். அந்த அத்தியாயத்தைப் படிக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மூச்சு முட்டும்.

இந்த இரண்டாவது கேள்விக்குச் சற்று முன்பே பணம் வந்துவிடுகிறது. சித்தப்பா விட்டுப்போன 20,000 பவுண்டை ஜேன் தன்னைத் தேற்றிய மூன்று உறவினர்களோடு சமமாகப் பங்கிடுகிறாள், ஆளுக்கு 5000. அதன் பிறகுதான் ராச்செஸ்டரிடம் திரும்புகிறாள், தன் காலில் நிற்பவளாக. கடைசி அத்தியாயத்தின் முதல் வாக்கியத்தில் எழுவாய் எது என்று பாருங்கள். அவர் என்னை மணந்தார் என்று அவள் எழுதவில்லை. நான் அவரை மணந்தேன் என்கிறாள்.

சரியான ஆளைத் தேர்ந்தெடுக்கத் தவறியவளின் கதி என்ன என்று கேட்டால், தங்கை ஆன் பிராண்டியின் 'தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்' (1848). குடிகாரக் கணவனிடமிருந்து மகனைத் தூக்கிக்கொண்டு தப்பும் ஹெலன், ஓவியம் விற்றுப் பிழைக்கிறாள். சட்டப்படி அந்தப் பணமும் மகனும் அவனுக்கே சொந்தம் என்பதால் பெயரை மாற்றி ஒளிந்து வாழ வேண்டியிருக்கிறது. ஜார்ஜ் எலியட்டின் 'மிடில்மார்ச்' (1871-72) இதைவிடப் பெரிய உலகம். அதை ஆறு மாதம் கழித்து, அவசரமில்லாத ஒரு விடுமுறையில் எடுங்கள்.

கவிதையைப் படிக்க ஒரு சின்ன வழி

பழைய ஆங்கிலக் காதல் கவிதைகளில் பெரும்பாலும் ஆண் பேசுவான், பெண் கேட்டுக்கொண்டிருப்பாள். ஆண்ட்ரூ மார்வெலின் 'டு ஹிஸ் காய் மிஸ்ட்ரெஸ்' கவிதையில் காலம் போகிறது, இப்போதே இணங்கு என்று அழகாக வாதம் அடுக்குகிறான். படித்து முடித்ததும், அவள் என்ன பதில் சொல்லியிருப்பாள் என்று நான்கு வரி நீங்களே தமிழில் எழுதிப் பாருங்கள். இந்தப் பயிற்சியை வால்டர் ராலே முன்பே செய்துவிட்டார். என்னோடு வந்து வாழ், பூப்படுக்கை தருகிறேன் என்று கவிஞர் கிறிஸ்டோபர் மார்லோவின் இடையன் அழைத்த கவிதைக்கு, பூ வாடும், ஆடை கிழியும், இளமை போகும் என்று அந்தப் பெண் பதில் சொல்வதாக அவர் எழுதியிருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். பெண்ணே எழுதியது வேண்டுமானால் மேரி ராத் (1621), எலிசபெத் பாரெட் பிரவுனிங் (1850) ஆகியோரின் சானெட்டுகள், அதாவது பதினான்கு வரிக் கவிதைகள்.

மேடைக்கு இன்னொரு முறை

பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்'. பூ விற்கும் எலைசாவுக்குச் சீமாட்டிபோல் பேசக் கற்றுக்கொடுக்கிறார் பேராசிரியர் ஹிக்கின்ஸ். கடைசியில் அவள் அவரை விட்டு வெளியேறுகிறாள். ஷா அவர்களுக்குக் கல்யாணம் செய்துவைக்கவில்லை. ஆனால் 1914 லண்டன் தயாரிப்பில் ஹிக்கின்ஸாக நடித்த பீர்போம் ட்ரீ, திரை விழும் முன் எலைசாவை நோக்கிப் பூங்கொத்து எறிந்து காதல் முடிவு போலக் காட்டிவிட்டார். ஷா கொதித்துப்போனார். பிறகு நூலில் நீண்ட பின்னுரை எழுதி, எலைசா மணந்தது ஃப்ரெடியை என்று தீர்த்துச் சொன்னார். ஒரு பெண் வெளியேறிப் போவதைப் பார்க்கச் சகிக்காமல் ரசிகர்களும் நடிகர்களும் அவளைத் திரும்ப இழுத்துக்கொண்டே இருந்தார்கள். நாடகத்தை முடித்ததும் எந்த முடிவை உங்கள் மனம் விரும்பியது என்று ஒரு வரி குறித்துவையுங்கள்.

கடைசியாக, மறுத்தது தவறாகிப்போன ஒருத்தி

இவ்வளவு நேரம் மறுப்பைக் கொண்டாடிவிட்டு, அதைக் குழப்பும் ஒரு புத்தகத்தையும் கையில் கொடுக்க வேண்டும். ஆஸ்டினின் கடைசி முழு நாவல் 'பர்சுவேஷன்', அவர் இறந்த பிறகு 1817 டிசம்பரில் வெளிவந்தது. ஆன் எலியட் 19 வயதில் கடற்படைக்காரன் வென்ட்வொர்த்தோடு நிச்சயமானவள். அவனிடம் பணமில்லை, எதிர்காலம் தெரியாது என்று தாய்போல் வளர்த்த லேடி ரஸல் சொல்ல, ஆன் அவனை மறுத்துவிடுகிறாள். இப்போது 27 வயது. அவன் பணத்தோடும் ஆறாத கோபத்தோடும் திரும்பி வந்திருக்கிறான். அந்த 'மாட்டேன்' யாருடையது என்று கேட்டுக்கொண்டே படியுங்கள்.

இதன் முடிவை ஆஸ்டின் 1816இல் ஒருமுறை எழுதி, பிடிக்காமல் மாற்றினார். தள்ளிவைத்த அந்த இரண்டு அத்தியாயங்கள் அவர் கையெழுத்திலேயே பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன, சில பதிப்புகளில் பின்னிணைப்பாகவும் வரும். இரண்டையும் ஒப்பிட்டால், புதிதாக எழுதியபோது அவர் ஆனுக்கு ஒரு நீண்ட பேச்சைக் கொடுத்திருப்பது தெரியும். பாத் நகர விடுதி அறை. வென்ட்வொர்த் மேசையில் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறான். ஜன்னலோரம் கேப்டன் ஹார்விலும் ஆனும், அதிக நாள் மறக்காமல் காதலிப்பது ஆணா பெண்ணா என்று பேசுகிறார்கள். மேசைப் பக்கம் ஒரு சின்னச் சத்தம், வென்ட்வொர்த்தின் பேனா கீழே விழுந்திருக்கிறது. பேச்சு தொடர்கிறது. பெண் மனம் மாறும் என்றுதானே எல்லாப் புத்தகமும் சொல்கிறது, ஆனால் அவை ஆண்கள் எழுதியவை என்பீர்கள் என்கிறார் ஹார்வில். ஆமாம், புத்தகத்தைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள், பேனா அவர்கள் கையில்தானே இருந்திருக்கிறது என்கிறாள் ஆன். வென்ட்வொர்த் கேட்டுக்கொண்டே இன்னொரு தாளை எடுக்கிறான். அவன் அதில் என்ன எழுதினான் என்பது 23ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது.